வழிவிடுதல்: இறுதி ஊர்வலமும் நம் சாலை மரபும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பக்குடுக்கை நன்கணியார் அவ்வாறு எண்ணித் தயங்கவில்லை. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிப்பதையும், மற்றொரு வீட்டில் மணமுழவு முழங்குவதையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்தவர் அவர். புறநானூற்றின் 194ஆம் பாடலை இவ்வவையில் அறியாதார் இல்லை. அந்த இரு வீடுகளுக்கும் பொதுவாக ஒரு தெரு இருந்திருக்க வேண்டும். இரண்டு பறைகளையும் கேட்டுக்கொண்டு அத்தெருவில் நடந்தவன் என்ன செய்தான்? நின்றானா, ஒதுங்கினானா, தன் போக்கில் போனானா? இறந்தவனுக்கு உறவினன் அல்லாத, அவன் பெயரும் அறியாத அந்த வழிப்போக்கனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இப்பொருளை எடுத்துக்கொள்ளத் தூண்டியது நம் ஊர்தான். சூளகிரி சாலையால் வாழும் ஊர். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, முன்பு 7ஆம் எண்ணால் வழங்கியது, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நம்மை ஊடறுத்துச் செல்கின்றது. கொத்தமல்லியும் புதினாவும் ஏற்றிய வண்டிகள், வடநாட்டுச் சரக்கு லாரிகள், ஓசூர்ச் சிப்காட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் என இச்சாலைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. இதே சாலையோரத்தில்தான் ஊர்களும் இருக்கின்றன. ஊர்களில் சாவும் நிகழ்கின்றது. பாடை வீட்டிலிருந்து மயானம் செல்ல, பல ஊர்களில் பெருஞ்சாலையைக் கடந்தாக வேண்டும், அல்லது அதன் ஓரமாகச் சிறிது தொலைவு நடந்தாக வேண்டும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் விரைவில் வரும் ஊர்திக்கும், நால்வர் தோளில் அசைந்து வரும் பாடைக்கும் நடுவே நேர்கின்ற அந்தச் சந்திப்பில் நம் பண்பாடு சோதனைக்கு உள்ளாகின்றது.

வழிப்போக்கனுக்கு இட்ட கட்டளை

இந்தச் சந்திப்பைப் பற்றி நம் பழம்பாட்டுகள் பேசாமல் இல்லை. புறநானூற்றின் 263ஆம் பாடல் கரந்தைத் திணையைச் சார்ந்தது. யானையின் அடிபோலத் தோன்றும் ஒருகண் பறையைச் சுமந்து செல்லும் இரவலன் ஒருவனை விளித்துப் புலவர் பேசுகின்றார். அந்த வழியாகச் செல்வாயானால், அங்கே நிற்கும் கல்லைத் தொழாமல் கடந்து போய்விடாதே என்பது அவர் இடும் கட்டளை. கல்லாகி நிற்பவன் ஆநிரையை மீட்டுத் தந்து, பெருவெள்ளத்தைத் தடுக்கும் அணைபோலப் பகைவரின் அம்புகளுக்கு எதிரே நின்று மாய்ந்தவன். தொழுதால் என்ன பயன்? வறண்டு கிடக்கும் இந்த வழி வண்டு மொய்க்கும் வளம் பெறும் என்கின்றார் புலவர். தொழுதவனுக்குப் பொன்னும் பொருளும் வருமென்று அவர் சொல்லவில்லை. வழிக்கு நலம் வரும் என்கின்றார்.

இப்பாடலில் மூன்று பேர் இருக்கின்றார்கள்: பாடியவர், பாடப்பட்டவன், வழிச்செல்பவன். மூவரில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. பாடியவர் பெயர் தெரியாத பாட்டு. இறந்தவன் பெயர் சொல்லாத பாட்டு. வழிச்செல்பவனோ பறையொன்றைச் சுமந்த இரவலன், அவ்வளவே. பெயரறியா ஒருவர், பெயரறியா ஒருவனிடம், பெயரறியா மற்றொருவனுக்கு மரியாதை செய்துவிட்டுப் போ என்கின்றார். சாலை மரியாதையின் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிட்டது என்பது என் துணிபு.

மலைபடுகடாம் நமக்கு இன்னும் அண்மையது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவாகிய செங்கம் நம் மாவட்டத்தை அடுத்த மாவட்டத்தில் இருக்கின்றது. அதில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லுகையில், கவர்த்த பாதைகளில் நடுகற்கள் மிகப் பல உண்டு, அவை விரும்பும்படி மரபு வழுவாது யாழிசைத்து, அதன்பின் விரைந்து செல்லுங்கள் என்று புலவர் அறிவுறுத்துகின்றார். ‘விரைந்து செல்லுங்கள்’ என்ற குறிப்பை நான் மிகவும் மதிக்கின்றேன். புலவர் விரைவைக் கண்டிக்கவில்லை. கூத்தர் பசியோடு செல்பவர்கள். பரிசில் பெற வேண்டியவர்கள். அவர்களுக்கு வேலை இருக்கின்றது. ஆயினும் முதலில் இறந்தோர்க்குச் சிறிது பொழுது, பிறகு விரைவு. ஷிப்டுக்குப் போகும் நம் இளைஞர்களிடமும் இதற்கு மேல் எவரும் எதுவும் கேட்கவில்லை.

செங்கம் பகுதி நடுகற்களின் நாடு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் அவற்றை அறிஞருலகுக்கு அறிமுகம் செய்தது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரை காத்து வீழ்ந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் அக்கல் நினைவுகூர்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல உள. இவற்றிற்கும் முற்பட்ட பெருங்கற்காலக் கல்திட்டைகள் மல்லசந்திரத்துக் குன்றில் இன்றும் காணக் கிடைக்கின்றன. அதியமானுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிக் கள் உகுப்பதைக் கண்டு ஔவையார் மனம் கசிந்ததும் இத்தகடூர் நாட்டை ஆண்டவன் பொருட்டே. இறந்தோரைச் சாலையோரத்தில் நிறுத்தி, செல்வோரைச் சற்றே நிற்கச் செய்த நிலம் இது.

ஒதுங்குதலும் வழிவிடுதலும்

இனி இலக்கியத்தை விட்டுத் தெருவுக்கு வருவோம். பறையொலி கேட்டதும் தேநீர்க் கடையில் பாட்டை நிறுத்துகின்றார்கள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகின்றார். மிதிவண்டியில் வருபவர் இறங்கி நிற்கின்றார். முதியவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கின்றார். பெண்கள் குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டு திண்ணையோரம் நகர்கின்றார்கள். எதிரே பிணம் வருவது நற்சகுனம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உண்டு.

இச்செயல்கள் யாவும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். ஆயின் இவற்றுள் இரு வேறு மனநிலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஒதுங்குதல்; மற்றொன்று வழிவிடுதல். ஒதுங்குபவர் தம்மைக் காத்துக்கொள்கின்றார்: தீட்டிலிருந்தும், அச்சத்திலிருந்தும், தமக்கும் இது வரும் என்னும் நினைவிலிருந்தும். வழிவிடுபவர் செல்பவரைக் கருதுகின்றார். இருவரும் சாலையின் அதே ஓரத்தில்தான் நிற்கின்றார்கள்.

ஊரில் சாவு நேர்ந்தால், உடலை எடுக்கும் வரை கோயில் நடை திறவாத வழக்கம் நம் ஊர்களில் உண்டு. தீட்டு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். கவிஞர்கள் விரும்பினால் இதனை வேறு விதமாகவும் பொருள் கொள்ளலாம்: ஊரின் கடைக்கோடியில் வாழ்ந்து மறைந்த ஓர் ஏழைக்காகக் கடவுளே தம் பூசையை நிறுத்திக் காத்திருக்கின்றார், முதலில் நீ செல், பிறகு நான் என்கின்றார். வழக்கம் ஒன்றே, தீட்டு என்று கொண்டால் ஒதுங்குதல், மரியாதை என்று கொண்டால் வழிவிடுதல்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று கருதிவிடாதீர்கள். ஒதுங்கு என்பது தன்வினை. அதன் பிறவினை ஒதுக்கு. தீட்டென்று தாம் ஒதுங்குகின்றவர், ஆற்றலும் வாய்ப்பும் கிடைக்கும்போது பிறரை ஒதுக்குகின்றவராக மாறுகின்றார். கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையில் திரும்பினால் வருவது வாணியம்பாடி. அதனை அடுத்த நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலை நிலத்தின் வழியே கொண்டுசெல்ல இயலாத நிலையில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே கண்டது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2016 சனவரியில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல உயர்நீதிமன்றமே ஆணையிட்டிருந்தும், காவலர் துணையோடு வேறு வழியில்தான் கொண்டுசெல்லப்பட்டது.

2020 ஏப்ரலில் சென்னையில் நிகழ்ந்ததையும் மறத்தல் ஆகாது. நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை ஏற்றி வந்த ஊர்தியைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கினார்கள். உடன் பணியாற்றிய மருத்துவர் நள்ளிரவில் மண் தள்ளி அடக்கத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அந்த மாதமே தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தின் வாயிலாகத் திருத்தி, இத்தகைய அடக்கத்தைத் தடுப்பதற்குச் சிறைத் தண்டனை விதித்தது. முதல் இரண்டிலும் சாதி. மூன்றாவதில் தொற்றைப் பற்றிய அச்சம். காரணம் வேறாயினும் மனநிலை ஒன்றே.

சட்டம் துணை நிற்கவில்லை என்று சொல்வதற்கில்லை. பிணத்தை இழிவுபடுத்துவதையும், இறுதிச் சடங்கிற்குக் கூடியவர்க்கு உள்நோக்கத்தோடு இடையூறு செய்வதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது; 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 301ஆம் பிரிவாக நிற்கின்றது. ஆயின் சட்டம் தடுப்பவனைத் தண்டிக்கும். வழிவிடக் கற்றுத் தராது. அது கவிதையின் வேலை, பள்ளியின் வேலை, வீட்டின் வேலை.

பாடையின் மீது பெயர் எழுதியிருப்பதில்லை

1921 செப்டம்பர் 12 அன்று சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு ஓர் இறுதி ஊர்வலம் சென்றது. உடன் சென்றவர் இருபது பேர் அளவில்தான் என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். அன்று அத்தெருக்களில் நடந்தவர்களுக்கு அது ஏதோ ஓர் ஏழை வீட்டுச் சாவு. பாடையில் கிடந்தவர் பாரதியார். 1969 பிப்ரவரியில் அறிஞர் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கடலனைய மக்கள் கூட்டம் உலக வரலாற்றில் இடம்பெற்றது. அண்ணாவுக்குச் சென்னை நகரமே வழிவிட்டது, அதில் வியப்பில்லை. பாரதியாருக்கு யார் நின்றார்கள்? எவரேனும் ஒரு வண்டிக்காரர் மாட்டை இழுத்து நிறுத்தியிருந்தால், எவரேனும் ஒரு பூக்காரி கூடையை இறக்கி வைத்து எழுந்து நின்றிருந்தால், தாம் அறியாமலே தமிழுக்கு அஞ்சலி செய்தவர்கள் ஆவார்கள். இறந்தவர் யாரென்று கேட்டறிந்து செய்யும் மரியாதை, அவர்தம் பதவிக்கோ சாதிக்கோ செல்வத்துக்கோ போய்ச் சேரும். கேளாமல் செய்வது மனிதருக்குப் போய்ச் சேரும்.

நம் சந்தைத் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளிலும் அழுகுரல் கேட்கும். லிங்காயத்து மரபினர் உடலை அமர்ந்த நிலையில் விமானத்தில் வைத்துக் கொண்டுசெல்வர். கிறித்தவர் சிலுவையை முன்னே ஏந்திச் செல்வர். இசுலாமியர் ஜனாஸாவைத் தோள் மாற்றித் தோள் சுமப்பர். வழியில் வருபவரும் சில அடிகள் தோள் கொடுப்பது அங்கே நற்செயல். நபிகள் நாயகம் ஓர் இறுதி ஊர்வலம் கண்டு எழுந்து நின்றதையும், இறந்தவர் யூதர் என்று உடனிருந்தோர் சுட்டியபோது அதுவும் ஓர் உயிரன்றோ என்று கேட்டதையும் நபிமொழித் தொகுப்புகள் பதிந்துள்ளன. நம் பெயரறியாப் புலவர் சொன்னதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அமெரிக்க நாட்டின் தென்பகுதிகளில், முன்பின் அறியாதார் சவ ஊர்வலத்துக்கும் எதிர்வரும் கார்களை ஓரங்கட்டி நிறுத்தும் வழக்கம் உண்டு. நெடுஞ்சாலையும் விரைவும் வந்துவிட்டதால் மரியாதை போய்விட்டது என்று சொல்லித் தப்புவோர்க்கு அது தக்க விடையாகும்.

இக்கடமை இருபாலது. வழி கேட்பவரும் வழியை மதித்தல் வேண்டும். பாடையிலிருந்து பிய்த்து எறியப்படும் மாலைகள் தார்ச்சாலையில் நசுங்கி, பின்னால் வரும் இருசக்கர வண்டிகளைச் சறுக்கி வீழ்த்துகின்றன. சாலை நடுவே கொளுத்தும் சரவெடி, எதிரே வரும் மாட்டையும் ஓட்டுநரையும் ஒருசேர மிரட்டுகின்றது. ஊர்வலத்தின் நடுவே நின்று ஆடுவோர் பின்னால் 108 ஊர்தி அலறுவதைக் கேட்பதில்லை. அவசர ஊர்திக்கு வழிவிடாதவர்க்கு 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கின்றது. ஆயின் ஓர் உயிர் பிழைக்க வேண்டி நம் ஊர்வலம் ஓரம் நிற்பதுதான் இறந்தவர்க்கும் பெருமை என்பதை உணரச் சட்டம் வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர்க்கு இறந்தவர் வழிவிடுகின்றார் என்று அதனைக் கொள்வோம்.

தெருமுனையில் நிற்பவள்

‘பாத காணிக்கை’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாடல் ஒன்றில், உறவினரும் மனைவியும் மகனும் எந்தெந்த எல்லையில் நின்றுவிடுகின்றனர் என்று ஒரு கணக்கு வரும். மனைவிக்கு அங்கே குறிக்கப்பட்ட எல்லை தெரு. பெண்கள் மயானம் செல்வதில்லை என்னும் வழக்கம் நம்மில் பெரும்பாலோர் வீடுகளில் இன்றும் நீடிக்கின்றது. தெருமுனையில் அவள் நின்ற பிறகு பாடை யாருடைய பார்வையில் செல்கின்றது? முன்பின் அறியாத சாலையோரத்து மனிதர்களின் பார்வையில். அவளால் செல்ல இயலாத தொலைவுக்கெல்லாம் அவள் சார்பாக நிற்பவர்கள் அவர்கள்தாம். கவியரசரின் கணக்கில் இடம்பெறாத இந்த அயலாரை அக்கணக்கில் சேர்க்குமாறு கவிஞர்களை வேண்டுகின்றேன்.

புறநானூற்றின் 256ஆம் பாடலில் ஒரு பெண் குயவனிடம் பேசுகின்றாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த சிறிய வெண்பல்லியைப் போலத் தலைவனோடு சுரம் பல கடந்து வந்தவள் அவள். அவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைக என்கின்றாள். லாரிகளின் சக்கரங்களே உலகமாகிவிட்ட நம் ஊரில் இந்த உவமையை நாம் வேறு எவரினும் நன்கு உணர்தல் கூடும். சுரத்தின் நடுவே கணவனை இழந்து நிற்கும் ஒருத்தி, அவள் அழுகையைக் கேட்டு வேலையை நிறுத்தி நிற்கும் ஒரு குயவன். அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பது பாட்டில் இல்லை. அந்த மறுமொழியைப் பாட்டின் வெளியே இருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வழி என்னும் சொல்

தமிழில் வழி என்பது பாதை மட்டுமன்று. வழிவழி என்றால் தலைமுறை. வழிபடுதல் என்றால் தொழுதல். வழிமொழிதல் என்றால் முன்னவர் சொன்னதை ஏற்றுரைத்தல். வழியனுப்புதல் என்றால் செல்பவரை மனநிறைவோடு விடைகொடுத்து அனுப்புதல். பாடைக்காகச் சாலையில் சில நிமிடங்கள் நிற்பவர் இவை அனைத்தையும் ஒருங்கே செய்கின்றார். தொல்காப்பியர் காஞ்சித் திணையில் காடு வாழ்த்து என்றொரு துறை வகுத்தார். புறங்காட்டுக்கே வாழ்த்துப்பாடத் துறை வகுத்த மொழியில், அக்காட்டுக்குச் செல்லும் வழிக்கும் ஒரு வாழ்த்து வேண்டும் அல்லவா?

இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கின்றது. இந்த ஆண்டின் கவியரங்கம் ஒன்றுக்கு ‘வழிவிடுதல்’ என்பதைத் தலைப்பாக்குமாறு அமைப்பாளர்களை வேண்டுகின்றேன். அறிந்தவர்க்கு இரங்கற்பா எழுதுவதில் நம் கவிஞர்கள் வல்லவர்கள். அறியாத ஒருவருக்குக் கையறுநிலை பாடிப் பாருங்கள். ஆசிரியர்களாக உள்ள உறுப்பினர்கள் சாலை விதிகளைக் கற்பிக்கும் நாளில் இதனையும் ஒரு விதியாகச் சொல்லுங்கள்: ஊர்வலம் கண்டால் விரைவைக் குறை, ஒலிப்பானை அழுத்தாதே, இடையில் புகுந்து முந்தாதே, யாரென்று கேளாமல் நில். தொழிற்சாலைப் பேருந்துகளில் செல்லும் தம்பிமார்களும் தங்கைமார்களும் ஓட்டுநரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். நம் வட்டாரத்தில் எந்த ஊரிலேனும் எவர் வீட்டுப் பாடைக்கேனும் பொதுவழி மறுக்கப்படுமானால், அன்று கவியரங்கத்தை ஒத்திவைத்துவிட்டு அந்த வழியில் போய் நிற்கவும் இவ்வட்டம் அணியமாக இருத்தல் வேண்டும். கவிஞர் பத்துப் பேர் உடன் நடந்தால் அதுவே ஒரு பாட்டு.

தொழாமல் கடந்து போகாதே என்று இரவலனிடம் சொன்ன புலவர், அதனால் வழி வளம் பெறும் என்றார். நம் ஊரின் வளம் சாலையால் வந்தது. அச்சாலையின் வளம் எதனால் வரும் என்பதை அவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்.